புதுநன்மைப் படங்களும் அமிர்தநாயகம் சேரின் வைரஸ் விளக்கமும்

மீள்குடியேறிய இரண்டாம் வருஷம் நறுவிலிக்குளத்துக்குத் தார் றோட்டு வரவில்லை, ஆஸ்பத்திரி வரவில்லை. கணினி வைரஸ் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம் வந்தது. ஊரில் இருந்தது ஒரேயொரு கணினி. ஒன்றென்றாலும் ஆபத்து ஆபத்துதானே என்றார் அமிர்தநாயகம்.

அமிர்தநாயகம் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் இலிகிதராக இருந்து இளைப்பாறியவர். ஊர் திரும்பியபின் முளைத்த சங்கங்கள் எல்லாவற்றுக்கும் தலைவர். ஒரு தொண்டு நிறுவனம் வவுனியாவில் நடத்திய கணினிப் பயிற்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து, ‘ஐயா’ என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்பதில்லை. ‘சேர்’ என்றால் கேட்கும். மற்றவர்கள் செபமாலை போடுகிற கழுத்தில் அவர் நீல நாடாவில் ஒரு பென் டிரைவ் போட்டிருந்தார்.

அந்த ஒரேயொரு கணினி முன்பள்ளி ஆசிரியை சுபாஜினியுடையது. கூட்டத்துக்காக அதைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்து லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் கோயில் மண்டபத்துக்கு ஏற்றிப்போனார்கள். அமிர்தநாயகம் பென் டிரைவைக் கழற்றி, பூசை நேரத்துப் பவ்வியத்தோடு கணினியில் செருகி, ‘வைரஸ்: கண்ணுக்குத் தெரியாத எதிரி’ என்ற தன் விளக்கப் படங்களைக் காட்டினார். இது அம்மாள் வருத்தம் மாதிரித் தொத்துமோ என்று சுபாஜினியின் தாய் மெற்றில்டா கேட்டதற்கு, கிட்டத்தட்ட என்றார். கைதட்டினார்கள். தேத்தண்ணியும் றோல்சும் கொடுத்தார்கள்.

அடுத்த நாள் சுபாஜினி கணினியைத் திறந்தாள். புதுநன்மைப் படங்கள் இருந்த கோப்புறையைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை, தேடிய பொருள் காணப்படவில்லை என்று அறிவித்தல் வந்தது. மற்றக் கோப்புறைகளும் அப்படியே.

பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு; ஊர் திரும்பியபின் நடந்த முதல் புதுநன்மை அது. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள்கூட வேறு கோயில் பங்கிலிருந்து இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்தவை. கமராவும் இரவல்தான். அதைத் தந்த, எருக்கலம்பிட்டியில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் பாயிசுக்குச் சுபாஜினி போன் எடுத்துக் கேட்டாள். அந்தக் கார்ட்டை அழித்து, மேலே இரண்டு கலியாணம் எடுத்தாயிற்று என்றான் அவன்.

இதையெல்லாம் றஞ்சிதத்துக்கு எப்படிச் சொல்வது? றஞ்சிதத்தின் புருசன் ஜெராட் சண்டை முடிந்த நாளிலிருந்து தடுப்பு முகாமில் இருந்தான். சனிக்கிழமை அவனைப் பார்க்கிற நாள். நாட்டின் மறு கோடிக்குப் பஸ் மாறி மாறிப் போகவேண்டும். மகள் நிறஞ்சலா பஸ்ஸில் ஏறினால் சத்தி எடுப்பவள். அதனால் மகளுக்குப் பதிலாக மகளின் புதுநன்மைப் படம் போவதாக ஏற்பாடு.

செய்தி கேட்டு றஞ்சிதம் வந்தாள். அழவில்லை, கணினியைப் பார்த்தபடி கதிரையில் இருந்தாள். மெற்றில்டா தன் பங்குக்கு மடு மாதா கோயில் மண்ணைக் கொண்டுவந்தாள். பாம்புக் கடிக்குக் கேட்கிற மண் இந்தப் பூச்சிக்குக் கேட்காதா என்பது அவள் வாதம். கணினியின் காற்றுத் துவாரத்துக்குள் தூவ இருந்தவளைச் சுபாஜினி மறித்து, மண்ணைக் கடதாசியில் மடித்துப் பெட்டிமேல் வைத்தாள்.

பிறகு அமிர்தநாயகம் வந்து, திரையை எட்ட நின்றே பரிசோதித்துத் தீர்ப்புச் சொன்னார்.

“முழுக்கத் துடைச்சு, எல்லாம் புதிசாப் போடவேணும். போர்மற். வேற வழியில்லை.”

“படங்கள், சேர்?”

“படமும் போகும், வைரசும் போகும். நாங்கள் எவ்வளவத்தை இழந்து வந்தனாங்கள், பிள்ளை. படம் என்ன பெரிசு?”

“நீங்கள் இழந்ததுக்கு நட்டஈடு எடுத்திட்டியள் சேர்,” என்றாள் றஞ்சிதம், திரும்பிப் பாராமல்.

சேர் பயிற்சியில் தந்த சீடியை எடுத்துவர வீட்டுக்குப் போனார்.

அந்த இடைவெளியில் சுபாஜினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கோப்புறையின் மூலையிலும் முன்பு இல்லாத ஒரு சின்ன அம்புக்குறி. ஒவ்வொன்றும் பிடித்திருந்த இடம் ஒரு வரி எழுதிய கடதாசி அளவுதான். ஆனால் வன்தட்டில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்தால், கூட்டத்துக்கு முன்பு இருந்த அதே அளவு. கொள்ளை போன வீடு எப்படியிருக்கும் என்று நறுவிலிக்குளத்தில் ஒருவருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. வெறுமையாக இருக்கும். இது வெறுமையாக இல்லை.

“றஞ்சிதமக்கா, படம் உள்ளுக்குத்தான் கிடக்குது,” என்றாள். “வீட்டுக்காரரை அறைக்குள்ளை பூட்டிப்போட்டு, வாசல்லை அவையின்ரை பேரிலை ஒரு பலகையை மாட்டிக்கொண்டு இருக்குது இந்தச் சனியன். பலகையைத் தட்டினால் அதுதான் எழும்பி வருது. நான் காலமையிலை இருந்து தட்டிக்கொண்டு இருந்திருக்கிறன்.”

மறைத்தவற்றைக் காட்டு என்று கணினியின் அமைப்பில் ஓரிடம் இருப்பது அவளுக்குத் தெரியும். தேடிப் பிடித்து அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. அதற்குக் கீழே, கணினி தனக்கென்று ஒளித்து வைப்பவற்றுக்கு வேறொரு பெட்டி. அதன் சரியடையாளத்தை எடுக்கப் போனபோது ஓர் எச்சரிக்கை எழுந்தது. சீடியோடு திரும்பிய அமிர்தநாயகம் அந்த ஆங்கிலத்தை உரக்க வாசித்து, இதில் கைவைத்தால் கணினி செத்துப்போகும் என்று மொழிபெயர்த்தார்.

“நீங்கள் துடைச்சாலும் சாகத்தானே போகுது, சேர்,” என்று சொல்லிச் சுபாஜினி அழுத்தினாள்.

அம்புக்குறிக் கோப்புறைகளுக்குப் பக்கத்தில் அதே பெயர்களில் இன்னொரு வரிசை, வெளிறிப்போய், வருத்தப் படுக்கையிலிருந்து எழும்பியவர்கள்போல வந்து நின்றது. திறந்தாள். மெழுகுதிரியோடு முதலாவது பிள்ளை. இரண்டாவது. றஞ்சிதம் எழுந்து கிட்ட வந்தாள். கடைசி வரிசையில் நிறஞ்சலா, முன்பல் இல்லாமல் சிரித்தபடி; அவளுக்குப் பின்னால் விரலை நீட்டி ஆரையோ ஒழுங்குபடுத்தியபடி அமிர்தநாயகம்.

“ஓம், இவள்தான்,” என்று ஏதோ அடையாள அணிவகுப்பில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அப்போதுதான் றஞ்சிதம் அழுதாள். மெற்றில்டா கடதாசி மடிப்பைத் தொட்டுக் கும்பிட்டாள். அமிர்தநாயகம், தான் சொல்ல வந்ததும் இதுதான் என்றார்.

பாயிஸ் அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் வைரஸ் தடுப்புச் சீடியோடு வந்தான். முதலில் படங்களை மட்டும், வேறெதையும் சேர்க்காமல், இரண்டு இறுவட்டுகளில் எடுத்து ஒன்றைப் பாயிசின் கடைக்கென்று வைத்தார்கள். பிறகுதான் கணினியைச் சோதித்தார்கள். வைரஸ் பிடிபட்டது. அமிர்தநாயகத்தின் பென் டிரைவையும் கேட்டு வாங்கிச் சோதித்தபோது, கண்ணுக்குத் தெரியாத எதிரி அந்த விளக்கப் படங்களுக்குப் பக்கத்திலேயே குடும்பத்தோடு குடியிருந்தது. மாதிரி காட்டுவதற்காகத் தான்தான் வைத்திருந்ததாகச் சேர் சொன்னார். இருந்த சந்தோஷத்தில் எல்லாரும் அதையும் ஒத்துக்கொண்டார்கள்.

அதன்பின் அந்த வீட்டுக்கு வரும் பென் டிரைவ் எதுவும் தானாகத் திறக்கவில்லை. மதவாச்சி இராணுவச் சாவடியில் ஊர்ச் சனத்தைப் பஸ்ஸால் இறக்கிச் சோதித்ததுபோல, பங்குச் சுவாமியாருடையதென்றாலும் இறக்கிச் சோதித்துத்தான் உள்ளே விட்டாள் சுபாஜினி.

சனிக்கிழமை றஞ்சிதம் படத்தோடு போய் ஞாயிறு திரும்பினாள். நேரே சுபாஜினி வீட்டுக்குத்தான் வந்தாள். ஜெராட் என்ன சொன்னான் என்று மெற்றில்டா கேட்டாள்.

“மகள் வளந்திட்டாள் எண்டு சொன்னார். பிறகு, பின்னாலை விரலை நீட்டிக்கொண்டு நிக்கிற மனிசன் ஆரெண்டு கேட்டார். பாக்கிற நேரம் முடியுமட்டும் அதைத்தான் கேட்டவர். நாங்கள் ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பிலை காவலுக்கு நிண்டவன் எட்டிப் பாத்தான்.”

அடுத்த முறை அந்த மனிசன் இல்லாத படம் வேண்டுமாம். சுபாஜினி கணினியைப் போட்டு, படத்தில் நிறஞ்சலாவின் தோளோரமாக அமிர்தநாயகத்தை வெட்டியெடுக்கத் தொடங்கினாள்.