வெட்டாத ரிப்பன்

மகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டு முடித்த கையோடு, அவள் திறப்பு விழா ரிப்பனை எடுத்து மேசைமேல் விரித்தாள். சிவப்பு நிறம், பளபளவென்று மின்னும் துணி. சூடு கொஞ்சம் கூடினாலும் சுருங்கிவிடும். அதனால் மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டு, தூங்குகிற குழந்தையின் முதுகைத் தடவுகிற மாதிரி பெட்டியை மெதுவாக நகர்த்தினாள்.

"நம்ம கல்யாணத்தன்னைக்கு என் சட்டைக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைக்கலை," என்றான் கணவன். பேருந்து ஓட்டுகிறவன். காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னான்.

"உங்க சட்டையை மந்திரி வந்து வெட்டப் போறாரா என்ன?"

"ஏன், அவர் வந்து இந்த ரிப்பனை மட்டும் வெட்டிட்டாராக்கும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துவிட்டாள். கேலியில் உண்மை இருந்தது. அந்த ரிப்பனைக் கட்டுவதும், அது வெயிலில் வெளுத்துப்போவதும், அவள் புதிதாக ஒன்றை வாங்கி வந்து மாற்றிக் கட்டுவதும் இந்த வருடம் முழுக்க நடந்துகொண்டிருந்தது.

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அவளுக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. 'விழாம்மா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எங்கே எது திறந்தாலும் பந்தலிலிருந்து பூச்செண்டு வரை அவள் பொறுப்பு. அதிலும் இந்த வருடம் அவளுக்கு உட்கார நேரமில்லை. அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். புது வகுப்பறைகள், ஆய்வுக்கூடம், நூலகம், கலையரங்கம் என்று கட்டடம் மேல் கட்டடமாக எழும்பியது. தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தன் ஒரே மகளை அவளே கையைப் பிடித்துக் கூட்டி வந்து அரசுப் பள்ளியில் சேர்த்தாள். "நாம சமைச்சதை நாமளே சாப்பிடலைன்னா எப்படி?" என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பள்ளிதான் மாவட்டத்துக்கே முகம். அங்கே பெண் பிள்ளைகளுக்கென்று புதிதாக ஒரு கழிப்பறைக் கட்டடம் கட்டியிருந்தார்கள். வெள்ளை ஓடு பதித்த சுவர், வரிசையாகக் கை கழுவும் தொட்டிகள், ஒவ்வொரு கதவுக்கும் நல்ல தாழ்ப்பாள். போன கோடையிலேயே வேலை முடிந்துவிட்டது. மந்திரியின் தேதிதான் கிடைக்கவில்லை. ஒரு தடவை அவருக்கு வெளியூர்ப் பயணம், இன்னொரு தடவை உடம்புக்கு முடியவில்லை. கடைசியில் கல்வித் துறை இயக்குநர் ஒரு யோசனை சொன்னார்.

"தனித்தனியா எதுக்கும்மா? வருஷக் கடைசியில இந்தப் பள்ளிக்கூடத்துக் கட்டடம் எல்லாத்தையும் ஒரே நாள்ல திறந்துடுவோம். சாதனை விழான்னு வைப்போம். அதுவரைக்கும் பூட்டியே இருக்கட்டும். பிள்ளைங்க கையில குடுத்தா விழா அன்னைக்குக் காட்ட ஒண்ணும் மிஞ்சாது."

அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. கதவைப் பூட்டி, முன்னால் ரிப்பனைக் கட்டினாள். மாதம் ஒருமுறை, பிள்ளைகள் இல்லாத விடுமுறை நாளாகப் பார்த்துப் போய்ப் புது ரிப்பன் மாற்றினாள். ஒருநாளும் அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் போய் எட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அங்கேதான் பழைய கழிப்பறை இருந்தது.

வீட்டில் மகளுக்கு 'வாயாடி' என்று பெயர். பேச ஆரம்பித்தால் அப்பாவின் பேருந்துகூட நின்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பார்கள். புதுப் பள்ளிக்குப் போன பிறகு அந்த வாய் கொஞ்சம் அடங்கியிருந்தது. சாயங்காலம் வந்ததும் பையை வாசலிலேயே போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடுவாள்.

"என்னடி, ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி ஓடுற?" என்று அம்மா சிரிப்பாள். பிறகு பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பாள். ஒரு சொட்டு மிச்சம் இருக்காது. "இதுதான் என் பொண்ணு. அடுத்த வீட்டுப் பையன் குடிக்காம அப்படியே திருப்பிக் கொண்டுவந்து திட்டு வாங்குறான்."

விழாவுக்கு முந்தின வாரம் வாயாடிக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். சிறுநீர் கழிக்கும்போது அவள் அழுத அழுகை கதவைத் தாண்டிக் கேட்டது.

டாக்டரம்மா பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கிருமி சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கு. மருந்துக்குக் கேக்கும். ஆனா திரும்பத் திரும்ப வந்தா சிறுநீரகம் கெட்டுப்போயிடும். சின்ன வயசு, விளையாட்டில்லை. தண்ணியே குடிக்கிறதில்லையா?"

"குடிக்கிறாளே டாக்டர். புட்டி தினமும் காலியாத்தான் வருது."

"உடம்பு அப்படிச் சொல்லலையே." டாக்டரம்மா பிள்ளையின் பக்கம் திரும்பினார். "என்ன கண்ணு? தண்ணி எங்க போகுது?"

வாயாடி சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள்.

"உங்க பொண்ணு மட்டுமில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துச் சட்டையைப் போட்டுக்கிட்டு இதே வலியோட வர்ற பொண்ணுங்களை நான் அடிக்கடி பாக்குறேன். கொஞ்சம் விசாரிங்கம்மா. நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க?"

அந்தக் கேள்வி அவளை என்னவோ செய்தது. விசாரிக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் பந்தல்காரர் அழைத்தார், பூக்காரர் அழைத்தார், இயக்குநர் மூச்சுக்கு மூச்சு அழைத்தார். விசாரணை விழா முடிந்த பிறகு என்று தள்ளிப்போனது. எல்லாவற்றையும் விழாவுக்குப் பிறகு என்று தள்ளிப்போடுவது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

விழா நாள் வந்தது. காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வரவேற்புப் பாட்டில் பாட வேண்டும் என்று வாயாடி பிடிவாதமாகக் கிளம்பினாள். அம்மா பெரிய புட்டியாக ஒன்று வாங்கி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை நிரப்பிக் கொடுத்தாள்.

"முழுசையும் குடிக்கணும். டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"ம்."

அம்மா ஆட்டோவில் சாமான்களோடு முன்னாலேயே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள். கலையரங்கத்தின் மாடியில் நின்று அலங்கார வளைவு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வாசலை ஒட்டிய சுவரோரம் நீளமாகப் பூச்செடிகள். மாவட்டத்திலேயே செழிப்பான செடிகள் அவைதான். கொளுத்துகிற வெயிலிலும் இலை தளராமல் நின்றதைப் பார்த்து 'பசுமை வளாகம்' என்ற விருதை இந்தப் பள்ளிக்குக் கொடுத்திருந்தார்கள். சாதனை மலரின் அட்டையில் போட அவளே அந்தச் செடிகளைப் படம் எடுத்திருந்தாள்.

பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பையன்கள் நேராக மைதானத்துக்கு ஓடினார்கள். பெண் பிள்ளைகள் செடிகளிடம் போனார்கள்.

முதலில் ஒருத்தி புட்டியைத் திறந்தாள், ஒரு செடியின் அடியில் கவிழ்த்தாள், மூடினாள், வகுப்புக்குப் போனாள். பின்னால் வந்தவளும் அதையே செய்தாள். அப்புறம் கும்பலாக வந்தார்கள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, ஒருத்தி பின்னலை இன்னொருத்தி இழுத்துக்கொண்டே, செருப்பைக் கழற்றி வைப்பதுபோல அத்தனை சாதாரணமாகத் தண்ணீரைக் கொட்டினார்கள். ஒவ்வொருத்திக்கும் சொந்தமாக ஒரு செடி இருப்பதுபோலத் தெரிந்தது. இடம் தேடாமல் நேராகப் போய் நின்றார்கள்.

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகள் செடி வளர்க்கிறார்கள் என்று நினைத்து மனசு குளிரக்கூடச் செய்தது. அப்போதுதான் கூட்டத்தில் தன் மகளைப் பார்த்தாள். காலையில் தன் கையால் நிரப்பிக் கொடுத்த பெரிய புட்டி. மற்றவர்களுடையதைவிட அது காலியாக நேரம் பிடித்தது. ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

படிகளில் எப்படி இறங்கி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"என்னடி பண்ற?"

வாயாடி திடுக்கிட்டுப் புட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பக்கத்தில் நின்றவள் முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"குடிச்சா போகணுமே ஆன்ட்டி. பழைய பாத்ரூம்ல தாழ்ப்பாளே இல்லை. தண்ணியும் வராது. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளியில கதவைப் பிடிச்சுக்கணும். பையனுங்க வந்து தள்ளிட்டு ஓடுவானுங்க. அதனால நாங்க யாரும் போறதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான்."

"அதுக்கு ஏன் கீழ கொட்டுறீங்க?"

"அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனா அம்மா திட்டுவாங்க. குழாயடியில கொட்டினா வீணாக்குறோம்னு டீச்சர் திட்டுவாங்க. செடிக்கு ஊத்தினா நல்ல பொண்ணுன்னு சொல்வாங்க."

அவள் செடிகளைப் பார்த்தாள். பச்சைப்பசேலென்று நின்ற ஒவ்வொரு இலையும் அவளைத் திருப்பிப் பார்ப்பதுபோல இருந்தது. இதைத்தான் அட்டைப் படமாகப் போட்டாள். இதற்குத்தான் விருது கொடுத்துக் கை தட்டினார்கள்.

மகளின் முன்னால் குனிந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி. ஊர்க்கதையெல்லாம் சொல்ற, இதைச் சொல்லக் கூடாதா?"

வாயாடி தரையைப் பார்த்தாள்.

"அந்த ரிப்பனைக் கட்டுறதே நீதானேம்மா. வீட்டுல உக்காந்து இஸ்திரி போடுற. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

யாரோ கூப்பிட்டார்கள், ஒலிபெருக்கி கரகரத்தது, எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வலியைச் சொல்லாமல் மறைத்திருக்கிறது. அம்மாவின் ரிப்பன் கசங்கிவிடக் கூடாது என்று மறைத்திருக்கிறது.

வரவேற்பு மேசையில் வெள்ளித் தட்டில் புதுக் கத்தரிக்கோல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நடந்தாள். புதுக் கட்டடத்தின் வாசலில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் வந்த வேகத்தைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"என்னம்மா, மந்திரி வந்துட்டாரா?"

"வர்றார். நீங்க கதவைத் திறங்க."

"ஐயா வராம எப்படிம்மா? இயக்குநர் என் தோலை உரிச்சுடுவார்."

"உரிக்கிறதா இருந்தா என் தோலை உரிக்கட்டும். சாவியைக் குடுங்க."

அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். "என் பேத்தியும் இங்கதான் படிக்குது," என்று மட்டும் சொன்னார்.

அவள் ரிப்பனை வெட்டினாள். கை தட்ட ஆளில்லை, படம் எடுக்க ஆளில்லை. இஸ்திரி போட்டுக் கட்டிய துணி இரண்டு துண்டாகி மண்ணில் விழுந்தது. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். பின்னாலேயே வந்திருந்த பெண் பிள்ளைகள் உள்ளே போகவில்லை. ரிப்பன் இருந்த இடத்துக்கு நேராக, அது இன்னும் அங்கேயே இருப்பதுபோல, வரிசையாக நின்றுவிட்டார்கள். எவ்வளவோ மாதமாக அதைத் தொடக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள் அல்லவா.

"போங்கடா. உங்களுதுதான்."

வாயாடிதான் முதல் காலை எடுத்து வைத்தாள். பளிங்கு மாதிரி மின்னிய தரையைப் பார்த்து, வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாள். அதைப் பார்த்து எல்லோரும் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குழாய்ச் சத்தமும் தாழ்ப்பாள் சத்தமும் கூச்சலுமாகக் கேட்டது. அவள் கலைந்து கிடந்த செருப்புகளின் நடுவே நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மந்திரி வந்தார். ஆய்வுக்கூடம், நூலகம், கலையரங்கம் என்று வெட்டிக்கொண்டே போனார். ஒரு ரிப்பன் குறைந்ததை அவர் கவனிக்கவே இல்லை. கவனித்தவர் இயக்குநர்தான். கூட்டம் கலைந்ததும் அவளைத் தனியே அழைத்தார்.

"பைத்தியம் பிடிச்சிருக்கா உங்களுக்கு? இத்தனை மாசம் பொறுத்தீங்க, இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க முடியலையா?"

"இத்தனை மாசம் பொறுத்தது நான் இல்லை சார்."

"விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பதிலை யோசிச்சு வச்சுக்குங்க." காரில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அவர் மறுபடியும் பள்ளிக்கு வந்தார். பசுமை வளாகத்தைப் பார்க்க வேறு மாவட்டத்து அதிகாரிகள் வருகிறார்கள், அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அவளையும் வரச் சொல்லியிருந்தார். வாசலில் இறங்கியவர் திகைத்துப்போனார். சுவரோரம் இருந்த செடிகள் அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தன. பாதிக்கு மேல் கருகியிருந்தன.

"என்னம்மா இது? ஒரே வாரத்துல இப்படி ஆயிடுச்சே. யார் தண்ணி ஊத்திட்டிருந்தா இதுக்கு?"

"நம்ம பொண்ணுங்க சார்."

"இப்ப ஏன் ஊத்தலை?"

"இப்ப அவங்க குடிக்கிறாங்க."

அவருக்குப் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தாழ்ப்பாள் இல்லாத கதவைச் சொன்னாள், டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள், மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்ததைச் சொன்னாள். அவர் முகத்தில் இருந்த கோபம் கரைந்துபோனது. கருகிய செடி ஒன்றைத் தொட்டார். இலை கையோடு வந்துவிட்டது.

"மத்த பள்ளிக்கூடத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"அங்கயும் மந்திரி தேதிக்காகப் பூட்டித்தான் இருக்கு சார். அந்த ரிப்பனையும் நான்தான் கட்டினேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். "இன்னைக்கே எல்லாத்தையும் திறக்கச் சொல்றேன். யார் வேணும்னாலும் வெட்டட்டும்." பிறகு செடிகளைக் காட்டிக் கேட்டார். "வர்றவங்ககிட்ட இதுக்கு என்னம்மா சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க சார். இந்தப் பச்சை எங்க பிள்ளைங்க தொண்டையிலிருந்து எடுத்ததுன்னு சொல்லுங்க. இனிமே குழாய் போட்டு வளர்த்துக்கலாம். கட்டடம் கட்டிட்டா சாதனைன்னு நாம நினைச்சுட்டோம். பூட்டி வச்ச கட்டடம் சாதனை இல்லை சார், வெறும் சுவர். பிள்ளைங்க அதுக்குள்ள போயிட்டு வலியில்லாம வெளிய வரணும் பாருங்க, அன்னைக்குத்தான் அது திறந்ததா அர்த்தம்."