இடது பின் சக்கரத்துச் சத்தம்

1

இந்தக் கதை என் காரில் கேட்ட ஒரு சத்தத்திலிருந்து பிறந்தது என்று முதலில் எழுதினேன். பொய். என்னிடம் கார் கிடையாது. இந்தக் கடலோரச் சாலையில் கார் இல்லாத ஒரே ஆள் நான்தான் என்று பக்கத்து வீட்டு ஒட்முண்ட் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். சத்தம் கேட்டது அவருடைய காரில். சனிக்கிழமை தோறும் அவரோடும் அவர் மனைவி குன்வோரோடும் தொற்றிக்கொண்டு கடைக்குப் போகிறவன் என்பதால் என் காதிலும் விழுந்தது.

முதல் தொடக்கம்: "பனி பெய்துகொண்டிருந்தது." (வட நார்வேயில் பிப்ரவரி மாதம் பனி பெய்தது என்பது மீன் குழம்பில் மீன் கிடந்தது என்பதைப் போல. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "கிழவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்த அன்று காலை

இதை அடிக்கவில்லை. முடிக்கவும் இல்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

மூன்றாவது, நான் வைத்துக்கொண்டது: "காரின் பின்னாலிருந்து கரகரவென்று ஏதோ உருண்டது. 'கேக்குதா?' என்றார் குன்வோர். 'எனக்கு ஒண்ணும் கேக்கல' என்றார் ஒட்முண்ட், கேட்டுக்கொண்டே."

2

பட்டறை சுன்னிவாவுடையது. நாற்பது வயது, பேச்சு குறைவு, கை பெரிது. (இங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நாற்பது வயதுக்காரி எண்பது வயதுக்காரரை "ஒட்முண்ட்" என்பாள், அவரும் திரும்பிப் பார்ப்பார். என் தமிழ்தான் கூச்சப்பட்டு ஆங்காங்கே மரியாதையைச் சேர்த்துக்கொள்கிறது.)

"முதல்ல டிக்கியைக் காலி பண்ணுங்க" என்றாள்.

பனி வாரும் மண்வெட்டி, இழுவைக் கயிறு, மணல் மூட்டை, குன்வோரின் பின்னல் பை, யாரும் சொந்தம் கொண்டாடாத ஒற்றைக் கையுறை. ஸ்டெப்னியும் ஜாக்கியும்கூட வெளியே வந்தன. காலி டிக்கியோடு கார் நகர்ந்தது. கரகர.

சைலன்சரை ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. காரின் பின்பக்கத்தை உட்கார்ந்து எழுகிற மாதிரி அழுத்திப் பார்த்தாள், ஷாக் அப்சார்பர் ஒழுங்காக இருந்தது. அவளே ஓட்டிப் பார்த்தபோது சத்தம் வரவே இல்லை.

"இது டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் விடுற கேஸ்" என்றார் ஒட்முண்ட்.

"நீங்களே ஓட்டுங்க. ரோடு பிரியுற இடம் வரைக்கும் போய், இடது பக்கம் பஸ் நிறுத்தத்துல திருப்பிக்கிட்டு வாங்க. ஒருத்தர் டிக்கியில படுத்து எந்தப் பக்கம்னு கேக்கணும்." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் ஒல்லி."

"தெற்கத்தியானைச் சாமானோட சாமானா ஏத்து" என்றார் ஒட்முண்ட். தெற்கத்தியான் என்றால் நான். அவருக்கு ஆஸ்லோக்காரனும் மதுரைக்காரனும் ஒன்றுதான்.

3

டிக்கியில் படுத்திருப்பவனுக்கு உலகம் காதாகிவிடுகிறது. சத்தம் இடது பின் சக்கரத்தில்தான், சந்தேகமில்லை. வேகம் குறையும்போது உருண்டது, கூடும்போது அடங்கியது. கதையில் என் வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

பிரிவு வந்தது. கார் மெதுவானது.

"எந்தப் பக்கம்?" என்றார் ஒட்முண்ட்.

"இடது" என்றார் குன்வோர். "நம்ம வீட்டுப் பக்கம்."

அந்தக் குரலில் ஆச்சரியம் இல்லை. தினமும் சொல்லிப் பழகிய குரல் அது. ஒட்முண்ட் ஓய்வு பெறும்வரை இந்தச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். எங்கே பள்ளம், எங்கே காற்று திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடியவர். இடது பக்கம் அவர் வீடு. வலது பக்கம் டாக்டர், நகரம், மற்ற எல்லாம்.

"மெதுவா, ஒட்முண்ட். பிள்ளைங்க. பிள்ளைங்க நிக்குதுங்க!"

பிரேக் விழுந்தது. என் தலை பின் சீட்டில் இடித்தது. எழுந்து சீட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில், மஞ்சள் மேலுடுப்பு போட்ட பிள்ளைகள், காருக்கு மிகப் பக்கத்தில். ஒருத்தி கையாட்டினாள். சுன்னிவாவின் மகள்.

"பாத்தேன், பாத்தேன்" என்றார் ஒட்முண்ட். பார்த்திருக்கவில்லை.

4

சுன்னிவா சக்கரத்தைக் கழற்றி டிரம்மை வெளியே இழுத்தாள். பிரேக் ஷூவோடு ஒட்டியிருக்க வேண்டிய லைனிங் பட்டை தனியாகப் பிய்ந்து, உடைந்து, டிரம்முக்குள் கிடந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரோ ஹேண்ட் பிரேக் இழுத்துவச்சிருக்காங்க. ராத்திரி அப்படியே உறைஞ்சு ஒட்டிக்கிச்சு. காலைல தெரியாம வண்டியைக் கிளப்பியிருக்காங்க."

பனிக்காலத்தில் இங்கே ஹேண்ட் பிரேக்கை யாரும் தொடமாட்டார்கள். கியரில் போட்டு நிறுத்திவிட்டு இறங்கிப் போவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, சூடான அடுப்பைத் தொடக் கூடாது என்பதைப் போலத் தெரிந்த விஷயம். சுற்றுலா வந்தவன் எவனாவது இழுத்துவிட்டுக் காலையில் மாட்டிக்கொண்டால், அந்த வாரம் முழுக்க ஒட்முண்டுக்கு அதுதான் நகைச்சுவை.

"யார் இழுத்தது?" என்றாள் சுன்னிவா. அவள் பட்டறைக்காரியாகக் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கிற பெண்ணின் அம்மாவாகக் கேட்டாள்.

ஒட்முண்ட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார் குன்வோர்.

"உங்களுக்கு லைசென்ஸே கிடையாதே."

"நிக்கிற காருலதான். உள்ள உக்காந்து ரேடியோ கேட்டேன். கை பட்டிருக்கும்."

இவ்வளவு மோசமான பொய்யை என் பாத்திரம் சொல்வதை நான் அனுமதித்திருக்கக் கூடாது. ஆனால் அவர் என்னைக் கேட்டுச் சொல்லவில்லை.

5

இங்கே அவர்களுக்கு ஒரு மருமகனை எழுதிப் பார்த்தேன். லிஸ்பனிலிருந்து கிறிஸ்துமசுக்கு வந்தான், காய்ந்த மீனைப் பயந்து பயந்து சாப்பிட்டான், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போய்விட்டான். பழி போடுவதற்கென்றே பெற்றெடுத்த மருமகன் என்று பார்த்தாலே தெரிந்தது. விமானம் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

ஆனால் குன்வோர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டார் போலிருக்கிறது. காப்பிக் குடுவை இருந்த மூலைக்கு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"மருமகன் எதுக்கு? நீ இருக்கியே. நீ இழுத்தேன்னு சொல்லு."

"நானா?"

"போன வாரம் எங்க காரை வாங்கிட்டுப் போய் சோபா ஏத்திட்டு வந்தேல்ல."

"அன்னைக்கு நான் கியர்லதான் போட்டேன், குன்வோர்."

"தெரியும். ஆனா தெற்கத்தியான் இழுத்தான்னா எவனும் மறுபேச்சு பேச மாட்டான்."

"நான் டிக்கியில இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு."

"அதனாலதான் உன்கிட்ட வர்றேன்." காகிதக் கோப்பையை நசுக்கினார். "அடுத்த வாரம் லைசென்சைப் புதுப்பிக்க டாக்டர்கிட்ட போகணும். அதுக்குள்ள இது ஊருக்குள்ள பரவிட்டா லைசென்ஸ் போச்சு. லைசென்ஸ் போனா வீடு போச்சு. நிறுத்தத்தைத் தாண்டி பஸ் வராது. டவுன்ல ஒரு அறை கொடுப்பாங்க. கடலைத் தேடிக்கிட்டே செத்துப்போவாரு."

"அந்தப் பிள்ளைங்க?"

"நான் எப்பவும் பக்கத்துல உக்காந்திருக்கேன்ல" என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

6

"நான்தான் இழுத்தேன்" என்றேன். "சோபா ஏத்துன அன்னைக்கு."

ஒட்முண்ட் நிமிர்ந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது.

"சொன்னேன்ல! இத்தனை வருஷம் எங்க ஊரு மீனைத் தின்னும் உனக்குப் புத்தி வரலையேடா! சுன்னிவா, இவனுக்குச் சைக்கிள்கூடக் கொடுக்காதே. பனிமனுஷன் பண்ணச் சொன்னா அதுக்கும் ஹேண்ட் பிரேக் வைப்பான்!"

டயர் மாற்ற வந்து நின்றவர்கள்வரை பட்டறையே சிரித்தது. சுன்னிவா மட்டும் என்னைப் பார்த்தாள், பிறகு புது ஷூவை மாட்டக் குனிந்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை. ஒரு கிழவரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியும், அவள் மகளின் மஞ்சள் மேலுடுப்பும் ஒரே நேரத்தில் எனக்குள் வந்தன.

சாவியை எடுக்கப் போகும்போது ஒட்முண்ட் என் காதருகில் குனிந்தார்.

"அன்னைக்கு நீ கியர்லதான் போட்டிருந்தே. நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னார்.

7

முடிவு ஒன்று: ஒட்முண்ட் சாவியை என் கையில் வைத்து, "இனிமே நீ ஓட்டு" என்கிறார். அழகாக வந்தது. அடித்துவிட்டேன். நான் அறிந்த ஒட்முண்ட் சாவியைக் கொடுக்கமாட்டார்.

முடிவு இரண்டு: அவர் ஓட்டுகிறார், வீடு போய்ச் சேர்கிறார்கள், குன்வோர் மீனை அடுப்பில் வைக்கிறார். பஸ் நிறுத்தத்தைத் தாண்டும் வரியில் ஒரு மஞ்சள் மேலுடுப்பு

முடிவு மூன்றை எழுதமாட்டேன். கேட்காதீர்கள்.

கார் இப்போது சத்தம் போடுவதில்லை. இதுவரை ஏதோ சரியில்லை என்று அதுவாவது சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயையும் அடைத்துவிட்டோம்.

"ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க" என்கிறாள் சுன்னிவா, பட்டறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு. நான் மறுபடி டிக்கியில் ஏறிக்கொள்கிறேன், எழுதுகிறவனுக்கு அந்த இடம் போதும். குன்வோர் முன் கதவைத் திறக்கிறார், என்னவோ நினைத்துக்கொண்டு அதைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பின் சீட்டில் உட்கார்கிறார்.

"எனக்குக் களைப்பா இருக்கு" என்கிறார், இதைப் படிக்கிற உங்களிடம். "இந்த ஒரு தடவை நீங்க முன்னாடி உக்காருங்க."

உட்காருங்கள். பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். கார் ஓசையில்லாமல் போகிறது. பிரிவு வருகிறது. இடது பக்கம் வீடு. வழியில் நிறுத்தம், பிள்ளைகள் இன்னும் கலையவில்லை. வலது பக்கம் டாக்டர் வீட்டு விளக்கு எரிகிறது. பின்னால் நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கப் போவதில்லை.

ஒட்முண்ட் வேகத்தைக் குறைத்து, உங்கள் பக்கம் திரும்புகிறார்.

"எந்தப் பக்கம்?"