ஆறு வருஷம் ஓர் ஐந்தான கதை

எங்கள் வக்கீல் ஆபீசில் எனக்கு 'மவுஸ் தொடாத மகராசி' என்று பெயர். கிண்டல்தான், ஆனால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பத்தியை நகர்த்தவோ தலைப்பைத் தடிமனாக்கவோ அடிக்குறிப்பு சேர்க்கவோ எனக்குக் கீபோர்டு விசைகளே போதும். பக்கத்து மேஜைக்காரர் மவுஸைத் தேய்த்துத் தேய்த்து ஒரு மெனுவைத் திறப்பதற்குள் நான் ஒரு மனுவையே முடித்துவிடுவேன்.

அந்த மிதப்பில்தான் அன்றைக்குத் தங்கை வீட்டுக்குப் போனேன்.

தங்கை ஆராய்ச்சி செய்தது நத்தைகளைப் பற்றி. ஆறு வருஷமாக. "நத்தையைப் பத்தி எழுதினா நத்தை மாதிரியே எழுதணும்னு சட்டமாடி?" என்று நான் கேட்காத நாளில்லை. கடைசியாகக் கொடுத்த அவகாசம் அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றாவிட்டால் பதிவே ரத்து. இந்த நேரம் பார்த்துப் பிள்ளை வேறு பிறந்து, இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"விட்டுடறேன்க்கா. என்னால முடியல" என்று காலையில் போனில் அழுதாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"விடறதாவது! எழுதி முடிச்சாச்சுல்ல? இனி பக்கத்தைச் சீர் பண்றதுதானே? நான் வரேன். நீ போய்ப் படு. கண்ணு முழிக்கும்போது எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும்."

என்னை நம்பித்தான் குழந்தையோடு உள்ளறையில் படுத்தாள். அந்த அறைக் கதவு முழுசாகச் சாத்தாது. கூடத்தில் ஸ்பூன் விழுந்தால்கூடக் குழந்தை வீலென்று கத்தும். அதனால் நானும் அவள் வீட்டுக்காரரும் ஊமை பாஷையில் பேசிக்கொண்டோம். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், தங்கமான மனுஷர். டீ வேண்டுமா என்று விரலால் கேட்டார், சர்க்கரை வேண்டாம் என்று நான் தலையால் சொன்னேன்.

வேலை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கைடு பேராசிரியர் சொன்ன திருத்தங்களை ஏற்றினேன். தலைப்புகள், பக்க எண்கள், பொருளடக்கம் எல்லாம் முடிந்தன. மணி நாலரை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, வரிகளுக்கு நடுவே ஒன்றரை மடங்கு இடைவெளி விட வேண்டும். அதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? கண்ட்ரோலோடு 'ஏ' அடித்தால் மொத்தமும் தேர்வாகும். கண்ட்ரோலோடு ஐந்து அடித்தால் வரிகள் விலகும். கண்ட்ரோலோடு 'எஸ்' அடித்தால் சேமிப்பு. மூன்றையும் தாளம் போடுவதுபோல ஒரே மூச்சில் அடிப்பேன்.

'ஏ' அடித்தேன். உள்ளே குழந்தை சிணுங்கியது. என் தலை அந்தப் பக்கம் திரும்ப, கண்ட்ரோல் மேல் இருந்த சுண்டுவிரல் நழுவிவிட்டது. வெறும் ஐந்தை அடித்தேன். பழகிய கை நிற்குமா? அடுத்த நொடியே கண்ட்ரோலையும் 'எஸ்'ஸையும் சேர்த்து அமுக்கிவிட்டது.

திரும்பிப் பார்த்தால் திரை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. மேலே ஓரத்தில் தனியாக ஒரு '5'.

மொத்தத்தையும் தேர்வு செய்துவிட்டு ஓர் எழுத்தை அடித்தால், இருப்பதையெல்லாம் தள்ளிவிட்டு அந்த எழுத்து உட்கார்ந்துகொள்ளும். அதையும் நான் சேமித்துத் தொலைத்திருந்தேன். நான் தொழில் படித்தது ஆபீசின் பழைய கம்ப்யூட்டரில். அதில் சேமித்துவிட்டால் செய்ததை மாற்ற முடியாது, முடிந்தது கதை. வேறு பிரதி ஒன்று பென் டிரைவில் இருந்தது. ஆனால் அதில் திருத்தங்களும் இல்லை, முடிவுரையும் இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, உடைத்தவள் நான்.

"என்னாச்சுக்கா?" மாப்பிள்ளை கிசுகிசுத்தார்.

"போச்சு மாப்பிள்ளை."

"எது?"

"எல்லாம்."

அவர் குனிந்து பார்த்தார். "அஞ்சுன்னு இருக்கே?"

"அதான் உங்க பொண்டாட்டியோட ஆறு வருஷம்."

வாய்விட்டு அலறவாவது முடிந்ததா? அதுவும் இல்லை. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் அறை வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் சுவரிலிருந்த ஸ்விட்சைப் பார்த்தார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாமாக்கா?"

"தொட்டீங்க, கையை ஒடைச்சுடுவேன்." மாப்பிள்ளை என்ற மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

அவருக்குக் கை துறுதுறுத்தது. "இல்லக்கா, எங்க தொழில்ல பாதி ரிப்பேர் இப்படித்தான் சரியாவும்."

எனக்கு மூளை ஓடவில்லை. அவளை எழுப்பி எந்த முகத்தோடு சொல்வது என்பதுதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. "என்னமோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் விரல் ஸ்விட்ச் மேல் போய் உட்கார்ந்தது.

"கையை எடுங்க!"

உள்ளறை வாசலில் தங்கை. சாத்தாத கதவு வழியே எங்கள் கிசுகிசுப்பு கேட்டிருக்கிறது. வலது தோளில் குழந்தை, முகத்தில் பாதித் தூக்கம்.

"சேவ் பண்ணிட்டேன்டி. அழிச்சு, சேவ் வேற பண்ணிட்டேன்..." எனக்கு நாக்குக் குழறியது.

அவள் கிட்டே வந்து என்மேல் சாய்ந்தபடி இடது கையை மட்டும் நீட்டினாள். சுண்டுவிரல் கண்ட்ரோலில், இன்னொரு விரல் 'இசட்'டில். ஒரே தட்டு.

ஐந்து மறைந்தது. பக்கங்கள் திபுதிபுவென்று வந்து நிறைந்தன. பொருளடக்கம், படங்கள், அத்தனை நத்தைகளும். பாவி, என் வயிற்றில் பாலை வார்த்தாள்! நாற்காலியிலேயே உருகி உட்கார்ந்துவிட்டேன்.

"சேவ் பண்ணா என்னக்கா? மூடாம இருந்தா போதும், திரும்ப வாங்கிடலாம். அணைச்சிருந்தாதான் போயிருக்கும்."

மாப்பிள்ளை சத்தமில்லாமல் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"முடிவுரை முழுக்க இவனை மடியில வெச்சுக்கிட்டுத்தான் அடிச்சேன். எத்தனை தடவை உதைச்சு உதைச்சு அழிச்சிருக்கான் தெரியுமா? நானும் பழக்க தோஷத்துல சேவ் பண்ணிடுவேன். ஒரு கையில இவன், ஒரு கையில இந்த ரெண்டு விசை. இப்படியேதான் ஓட்டினேன்."

பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்வேன். வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. திரைக்குப் பின்னால் தூசு படிந்து கிடந்த மவுஸை இழுத்தேன். மெனுவைத் தேடி, ஒவ்வொன்றாகக் க்ளிக் செய்து, இடைவெளியை ஒன்றரை ஆக்கினேன். எங்கள் ஆபீஸ்காரர்கள் பார்க்கவில்லை, பிழைத்தேன்.

இணையதளத்தில் ஏற்றும் பக்கம் வந்ததும் எழுந்து அவளை உட்காரவைத்தேன். "கடைசிப் பொத்தானை நீயே அமுக்குடி."

குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு அமுக்கினாள். மணி ஐந்து அடிக்க இன்னும் நேரமிருந்தது. வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. பிறகு பச்சை எழுத்தில் வந்தது: உங்கள் ஆய்வேடு பெறப்பட்டது.

"வந்துடுச்சுடி!" என்று கத்தினேன் பாருங்கள், மத்தியானம் முழுக்க அடக்கிவைத்த குரல் அது. குழந்தை வீலென்று அலறியது. அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையானது. மாப்பிள்ளை சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் யாரையும் 'உஷ்' என்று அடக்கவில்லை.

அழுகிற வேகத்தில் குழந்தையின் கால் கீபோர்டில் போய் விழுந்தது. பழக்கத்தில் என் கை தடுக்கப் போனது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுக்கா. உதைடா ராஜா, இனி எவ்வளவு வேணும்னாலும் உதை."