காலி லிப்டின் எடை

எல்லோரும் டமாரம் என்று கூப்பிடும் அந்த ஆள், வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளைத்தான் பேரம் பேசி ஜெயித்து வாங்கியிருந்தான். அது ஒரு ட்ரம் சாம்ப்ளர். ஏதாவது ஒரு சத்தத்தைப் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் ரப்பர் பேடைத் தட்டினால் அதைத் திருப்பிக் கொடுக்கும் சின்னப் பெட்டி. கடைக்காரர் முகம் மலர விலையைக் குறைத்துக்கொண்டே வந்தபோதே அவன் உஷாராகியிருக்க வேண்டும். விற்கிறவர் அவ்வளவு சந்தோஷமாக இறங்கி வந்தால் சரக்கில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் அதில் என்னவெல்லாம் இல்லை என்று தெரிந்தது.

பேடை வருடினாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம்தான். மெமரி என்று ஒன்று இருந்தது, பேருக்கு. ஒரு தும்மலை முழுசாக வாங்காது. நிரம்பிவிட்டால், புதிதாக ஒன்றைப் பதிய வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை அழித்தே ஆக வேண்டும். வெளியே எடுத்துப் பத்திரப்படுத்த வழியில்லை. அழித்தது அழித்ததுதான்.

"ஒரு ஆள் உள்ள போகணும்னா ஒரு ஆள் வெளிய வரணும். நம்ம குளியலறை மாதிரியே இருக்குங்க," என்றாள் அவன் மனைவி.

அவள் அதே கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், சட்டைத் தொழிற்சாலையில், காலர் தைத்துக்கொண்டிருந்தாள். இவர்கள் குடியிருந்தது கீழே, சரக்கு லிப்ட் ஓடும் கூண்டுக்குப் பின்சுவரை ஒட்டிய அறையில். இரைச்சல் என்று வேறு யாரும் எடுக்காததால் இவர்களுக்குக் கிடைத்தது. டமாரம் வாரக்கடைசிகளில் ஒரு ஓட்டல் கச்சேரியில் வாசிப்பான். சாப்பிடுகிறவர்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்காத அளவுக்கு அடக்கமாக வாசிக்க வேண்டும். மெதுவாகவும் அடிக்கத் தெரியாத பெட்டியை வைத்துக்கொண்டு அடக்கத்துக்கு எங்கே போவது?

அந்த அறைதான் வழி சொன்னது. லிப்ட் கீழே வந்து உட்காரும்போது சுவர் வழியாக 'தும்' என்று ஒன்று வரும். கடையில் எந்த முரசிலும் கிடைக்காத தும். காலியாக வந்தால் பூனை குதித்த மாதிரி. பாதிச் சுமையோடு வந்தால் கொஞ்சம் கனம். சட்டைப் பெட்டிகள் நிறைந்து வந்தால் நெஞ்சுக்குழியில் இறங்கும். மூன்றையும் பதிந்து மூன்று பேடில் வைத்துக்கொண்டான். மெல்ல, நடு, ஓங்கி. பெட்டிக்கு இல்லாத கையை லிப்ட் கொடுத்தது.

கூடவே வேண்டாத ஒரு புலமையும் வந்து சேர்ந்தது. சாப்பிட்டுக்கொண்டே, "இப்ப வந்தது பாதி," என்பான். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "பாதிதான். இந்த அறிவை வெச்சு என்ன செய்யப் போறீங்க?" என்பாள்.

ஒரு நாள் பிற்பகல் அவன் ஒரு ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது முழுச்சுமை தும் வந்தது. சரக்கு இறங்கிவிட்டது போல என்று எட்டிப் பார்த்தான். லிப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வெளியே லாரி டிரைவர் மட்டும் பல் குத்திக்கொண்டு நின்றார்.

"சரக்கு எங்கண்ணே?"

"எங்க? மேலயே குந்திக்கிட்டிருக்கு. பட்டனை அமுக்கினா காலியாத்தான் வருது."

"இன்னொரு தரம் அமுக்குங்க."

லிப்ட் மேலே போய்த் திரும்பி வந்தது. காலியாகத்தான். ஆனால் அது உட்கார்ந்த அடியில் அவன் மேசைமேல் இருந்த திருகாணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தன. முழுச்சுமையைவிடக் கனம். எதுவும் ஏற்றாத ஒன்று இவ்வளவு எடையோடு வந்து விழுகிறதென்றால், அதை மேலே பிடித்திருக்கவேண்டியது எதுவோ பிடியை விட்டுக்கொண்டிருக்கிறது. கயிறோ, பிரேக்கோ. அவனுக்கு அது தெரியாது. சத்தம் தெரியும்.

சாயங்கால மணி அடித்ததும் மாடிப் பெண்கள் அத்தனை பேரும் அந்த லிப்டில்தான் அடைந்துகொண்டு இறங்குவார்கள். அவன் மனைவியும்தான். படி இருந்தது, மேலே அதன் கதவுக்குப் பூட்டும் இருந்தது. துணி வெளியே போய்விடுமாம். சாவி மேனேஜர் இடுப்பில். போன் பண்ணலாம் என்றால் ஷிப்ட் முடியும்வரை பெண்களின் போன்கள் ஒரு பெட்டிக்குள்.

மேனேஜரைப் பெண்கள் 'கத்தரி' என்பார்கள். சம்பளம், இடைவேளை, பேச்சு என்று எதையும் முழுசாக விட்டுவைக்காத மனிதர். வெறும் வாயோடு போனால் வேலைக்காகாது. டமாரம் சாம்ப்ளரை எடுத்து, டிரைவரை மறுபடி பட்டனை அமுக்கச் சொல்லி, சுவரில் மைக்கை ஒட்டினான். பெட்டி வழக்கம்போல, 'மெமரி நிரம்பிவிட்டது, எதை அழிக்க?' என்று கேட்டது. காலி லிப்டின் சத்தம் காலி லிப்டின் இடத்துக்குத்தானே போகும்? பழக்கப்பட்ட விரல், யோசிக்காமல் முதல் பேடை அமுக்கியது. தும் பதிந்தது.

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிப்ட் முன்னால் வந்து நின்றபிறகுதான் உறைத்தது. மேலே போய்ச் சொல்ல இதில்தான் ஏறிப் போயாக வேண்டும்.

ஏறினான். நாலாவது மாடி தாண்டும்போது லிப்ட் சட்டென்று ஒரு சாண் கீழே இறங்கி, ஏதோ யோசித்துவிட்டு, பழையபடி ஏறியது. ஐந்தாவது மாடியில் கதவு திறந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாய்யா டமாரம். இங்க யாரும் கச்சேரி கேக்கலையே?" என்றார் கத்தரி.

"சார், லிப்ட் சரியில்ல. இன்னிக்கு யாரையும் ஏத்தாதீங்க."

"மெக்கானிக் வந்து பாத்துட்டுப் போயாச்சு. நீ என்ன பாத்த?"

"கேட்டேன் சார்."

"கேட்டியா! மெக்கானிக் கண்ணால பாப்பான், இவர் காதால பாப்பாராம். சரி, எங்களுக்கும் கேக்க வையேன்."

பெட்டியின் ஸ்பீக்கர் கொசு தும்முகிற அளவுக்குத்தான் பேசும். அடிக்கனம் அதில் வராது. கத்தரியே குஷியாகிவிட்டார். ஆட்களை அதட்டுவதற்காக மாட்டியிருந்த பெரிய ஸ்பீக்கரில் அதைச் செருகச் சொன்னார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இது சரக்கோட வர்ற லிப்ட்," என்று மூன்றாவது பேடைத் தட்டினான். தும். கண்ணாடிச் சன்னல் அதிர்ந்தது. "இது காலி லிப்ட்." முதல் பேடைத் தட்டினான். தும். சன்னல் அதே மாதிரி அதிர்ந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா?"

"இல்ல சார், முன்னாடி காலி லிப்ட்னா..." என்று பழைய தும்மைத் தட்டிக்காட்ட விரலைத் தூக்கினான். விரல் அந்தரத்தில் நின்றது. பழைய தும் எங்கே இருக்கிறது? அதன் மேலேதான் இதைப் பதிந்திருந்தான். ஒப்பிட்டுக் காட்ட இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, எதிர்க்கட்சிக்காரனை மட்டும் கூட்டிக்கொண்டு வழக்காட வந்திருந்தான்.

"அழிஞ்சு போச்சு சார்," என்றான்.

கத்தரி சிரித்த சிரிப்பில் சில பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "விலை குறைஞ்ச சாமான் வாங்கினா இப்படித்தான். லிப்டுக்கு ஒண்ணும் இல்ல, உன் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டு."

மணி அடித்தது. பெண்கள் பைகளை எடுத்துக்கொண்டு லிப்ட் பக்கம் நகர்ந்தார்கள். டமாரம் மனைவியைத் தேடினான். அவள் சிரிக்கவில்லை. மெஷினை விட்டு எழுந்து நேரே அவனிடம் வந்தாள்.

"முதல்ல தட்டினது சரி. ரெண்டாவது தட்டினது நம்ம காலித் தும் இல்லையே?"

"இன்னிக்குப் பதிஞ்சது. உள்ள யாருமே இல்ல. சத்தியமா."

அந்தப் பூனைக்குதியோடு ஒரு வருஷம் ஒரே சுவரில் சாய்ந்து தூங்கியவள் அவள். முகம் வெளுத்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. கத்தரியிடம் போய் மிகப் பணிவாக நின்றாள்.

"சார், கீழ லாரி மதியத்துலேருந்து நிக்குது. பெட்டியெல்லாம் அப்படியே கிடக்கு. முதல்ல சரக்கை இறக்கிடுங்க. நாங்க அடுத்த நடையில வர்றோம்."

"அதெல்லாம் அப்புறம். நீங்க கிளம்புங்க."

"எதுக்கு சார் அப்புறம்? எங்களுக்கு அவசரமில்ல. சரக்குதானே முக்கியம்?"

கத்தரி லிப்டைப் பார்த்தார். அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தார். "இவன் வேற என்னமோ சொல்றான். மெக்கானிக் வந்து ஒரு தரம் பாத்துடட்டும். இவ்வளவு சரக்கை..." என்று ஆரம்பித்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

மூடியது கொஞ்சம் தாமதம். லிப்டுக்குள் ஏற்கெனவே ஒரு காலை வைத்திருந்த பட்டன் தைக்கும் அக்கா, அந்தக் காலை மெல்ல வெளியே எடுத்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"சாவியக் குடுங்க சார்," என்றாள் அக்கா.

"படியில இறங்கினா பையைச் சோதிக்கணும். அதுக்கு ஆள் இல்ல."

"குடுங்க சார்."

கூட்டம் அவரைச் சுற்றி நெருங்கி நின்றது. அவர் இடுப்பிலிருந்து சாவி அவிழ்ந்தது.

படி, லிப்ட் கூண்டைச் சுற்றிச் சுற்றி இறங்கியது. விளக்கில்லை. பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். டமாரம் மனைவியின் கையைப் பிடித்திருந்தான். இரண்டாவது மாடித் திருப்பத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், மேலே எங்கோ ஒரு முனகல் கேட்டது.

"யாரு பட்டனை அமுக்கினது?" என்றாள் அவள்.

"டிரைவர்," என்றான். உடனே கீழே குனிந்து கத்தினான். "டிரைவரண்ணே! வாசலை விட்டுத் தள்ளி வாங்க! தள்ளி வாங்க!"

கீழே செருப்புச் சத்தம் ஓடியது. சுவரின் அந்தப் பக்கம், காலி லிப்ட் அவர்களைத் தாண்டிக்கொண்டு போனது. அது இறங்கும் வேகத்தைக் காது கேட்டது, உள்ளங்கால் உணர்ந்தது. கீழ்த்தளத்தில் அது நிற்கவில்லை. தரையையும் தாண்டிப் பள்ளத்துக்குள் போய் அடித்தபோது கட்டடம் முழுக்க ஒருமுறை குலுங்கி, படியெங்கும் சுண்ணாம்பு கொட்டியது.

புழுதி அடங்கும்வரை அப்படியே நின்றார்கள். கீழே டிரைவர் இருமுவது கேட்டது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று அதில் தெரிந்தது. பிறகு பெண்கள் இருட்டில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டார்கள். எல்லோரிடமிருந்தும் பதில் வந்தது.

மேலே, பூட்டுத் திறந்த கதவோரம், கத்தரி எட்டிப் பார்த்தார்.

"உள்ள பெட்டி எதையும் யாரும் ஏத்தலையே?" என்று கேட்டார்.

அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. டமாரத்தின் மனைவி அவன் கையை விடாமல் அடுத்த படியில் காலை வைத்தாள்.