சுத்தியல் வெளியே தெரியும் துப்பாக்கி

2003 அக்டோபர் 11, சனிக்கிழமை, காலை ஒன்பது இருபது. வெளியே நாற்பத்தொரு டிகிரி ஃபாரன்ஹீட் குளிர். வடமேற்குக் காற்று, திடலில், வானில் எறிந்து சுடப்பட்டு உடைந்து கிடந்த களிமண் தட்டுகளின்மீது புழுதியை வாரி இறைத்தது. அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் அந்தச் சிறிய துப்பாக்கிச் சங்கத்தின் கூட்டத்தில் வெர்னா கொலாரிக்கை உட்காரும்படி இருமுறை சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

செப்டம்பரில், சங்கத் தலைவன் ட்வைட் ஹெஸ் ஒரு சுற்றுக்கு அவளது 1911-ஆம் ஆண்டுப் பம்ப் துப்பாக்கியை, குழலடிக் கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகையை, கேட்டு வாங்கினான். மூன்றாவது தட்டுக்காக முன்கட்டையைத் தள்ளியபோதே அது வெடித்து, செயலாளர் மெர்ல் ஸாப்காவின் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணைக் கிளப்பியது. தானாக வெடித்தது என்றான் ட்வைட். சுத்தியல் வெளியே தெரியும் அவ்வகைப் பழந்துப்பாக்கிகளுக்கு இனித் திடலில் இடமில்லை என்னும் தீர்மானம் இப்போது மேசைமேல் இருந்தது. வெர்னா சேர்த்தவை எல்லாம் அவ்வகையே. நாளை நடக்கவிருந்த பழந்துப்பாக்கிப் போட்டிக்காகவே ஆண்டு முழுதும் அவற்றுக்கு எண்ணெயிட்டவள் அவள்.

"நூறு வருஷத்துக் கிழம், வெர்னா. அறுபதுலயே எனக்கு முழங்கால் பேச்சு கேக்கல. அது மட்டும் கேக்குமா?" என்றான் ட்வைட்.

"கட்டையத் தள்ளும்போது விரலை விசைக்கு வெளிய வைன்னு ரெண்டு தடவ சொன்னேன்."

அந்த வயதுத் துப்பாக்கியில் விசையை அழுத்தியபடி கட்டையைத் தள்ளினால் சுத்தியல் விழுந்து தோட்டா வெடித்துவிடும். அறையில் அதை அறியாதவர் இல்லை.

"வெளியதான் இருந்துச்சு. நாப்பது வருஷமாச் சுடுறேன். எனக்கே பாடம் எடுக்கறியா?"

அந்த நாற்பது வருடம்தான் வெர்னாவை உறுத்தியது: அவ்வளவு பழகிய விரல் ஏன் விசைமேல் போனது? நேற்றுப் பயிற்சியில் அவனுக்குப் பின்னால் நின்று, தட்டை விட்டுவிட்டு விரலை மட்டும் பார்த்தாள். விரல் மடங்கியபோது அவன் துப்பாக்கி வெடிக்கவில்லை, விரிந்தபோது வெடித்தது.

"மெர்ல், இவன் துப்பாக்கிய எடு. போலித் தோட்டா போட்டு விசைய இழு."

"அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று ட்வைட் எழுந்தான்.

மெர்ல் சுவரோரம் இருந்த ட்வைட்டின் துப்பாக்கியை எடுத்து, தோட்டா இருக்கும் இடத்தைத் திறந்து, காலிதானா என்று பார்த்தான். போலித் தோட்டாவை இட்டான். மணல் வாளியை நோக்கிப் பிடித்து விசையை இழுத்தான். ஓசையில்லை. விரலைத் தளர்த்தினான். 'டிக்' என்றது.

"விட்டாச் சுடுற விசை," என்றான் மெர்ல். "இந்த மாதிரி விசை இருந்தா, எல்லாருக்கும் தெரியற மாதிரி துப்பாக்கில ஸ்டிக்கர் ஒட்டணும்னு விதி போட்டதே நீதானேடா?"

ட்வைட் சன்னலைப் பார்த்தான். "ரெண்டு வருஷமா விரல் மக்கர் பண்ணுது. இழுன்னா நின்னுடுது. இப்படி மாத்தினப்புறம்தான் சுட முடியுது. தெரிஞ்சாச் சிரிப்பீங்க."

"சிரிச்சிருப்போம். ஒரு வாரம் சிரிச்சுட்டு பீர் வாங்கிக் குடுத்திருப்போம்," என்றாள் வெர்னா. அவள் குரல் உயரவில்லை. "முன்னாடியே விசையப் பிடிச்சு வைக்கிற பழக்கத்துல என் துப்பாக்கியையும் அப்படியே பிடிச்ச. மெர்ல் கால் போயிருக்கும். அது தெரிஞ்சும் பழிய ஒரு இரும்பு மேல போட்ட. வாயில்லாததுன்னுதானே?"

ட்வைட் நாற்காலியை இழுத்து மறுபடி உட்கார்ந்தான்.

மெர்ல் புதிய தாளில் எழுதி அவளிடம் காட்டினான்: 'காரணம் தெளிவாகவில்லை. தடை கைவிடப்படுகிறது.'

"உன் கால்தானே அங்க இருந்துச்சு? உனக்குமா தெளிவாகல?" என்று அவள் தாளைத் திருப்பித் தள்ளினாள்.

மெர்லின் காது சிவந்தது. முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு எழுதினான்: தவறு சுட்டவருடையது; அடையாளமிடாத விசையைப் பயன்படுத்திய ட்வைட் ஹெஸ், அடுத்த பருவம் முடியும்வரை திடலில் சுடலாகாது.

தலைவரின் கையொப்பமின்றி எந்தத் தீர்மானமும் செல்லாது. ட்வைட் பேனாவை எடுத்தான். கை பாதியில் நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு ஒப்பமிட்டு, தாளை வெர்னாவிடம் நீட்டினான். அவள் மறுமுனையைப் பற்றினாள், இழுக்கவில்லை. அவன் விரல் விடும்வரை அப்படியே நின்றாள்.