அவுட்டரில் நிற்கும் வண்டி

ரயில் எஞ்சினைச் சின்ன அளவில் தப்பில்லாமல் செய்து முடித்தால், அதை ஓட்டியவர் வேலைக்கு வந்துவிடுவார். சின்ன எஞ்சின் செய்கிறவர்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான். எங்காவது தப்பு இருந்தால் வர மாட்டார். எஞ்சின் கண்ணாடி அலமாரியில் நிற்கும். வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

நான் விழுப்புரத்தில் பல் கட்டும் லேபில் வேலை பார்க்கிறேன். அரமும் லென்ஸும் பிடித்துப் பழகிய கை. அப்பா கலியபெருமாள் மீட்டர் கேஜில் டிரைவராக இருந்தார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மானாமதுரைக்கு ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு தங்கிவிட்டார். இறந்த பிறகுதான் எங்களுக்குச் சேதி வந்தது. ஏன் போனார் என்று அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. அதனால் அவருடைய எஞ்சினைச் செய்யத் தொடங்கினேன்.

பித்தளைத் தகட்டை அறுத்து, கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரைக் கட்டினேன். குழாயை வெட்டி பாய்லர் வைத்தேன். தகட்டின் பின்பக்கம் ஊசியால் குத்திக் குத்தி ரிவெட்டுகளை எழுப்பினேன். லேபில் கிடந்த இஞ்செக்‌ஷன் ஊசிகளை வளைத்தால் நீராவிக் குழாய்கள் ஆயின. கண்மையைத் தொட்டுப் புகை படிந்த மாதிரி பூசினேன். அப்பா எஞ்சினோடு நிற்கும் பழைய புகைப்படத்தில் இருந்த எல்லாம் என் எஞ்சினிலும் இருந்தது. யாரும் வரவில்லை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

“டெண்டர் ஏணியில அடிப்படி உள்பக்கமா வளைஞ்சிருக்கும். சோத்துக் கூடையோட ஏறுறப்ப முழங்கால்ல இடிக்கும்.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேக்கலையே.”

குறட்டால் படியை வளைத்தேன். மறுநாள் காலை அப்பா எஞ்சினில் நின்றுகொண்டிருந்தார். ஃபயர்மேன் ஒருவர் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜை மேல் வட்டமாக நான் போட்டிருந்த தண்டவாளத்தில் வண்டி கிளம்பியது. அம்மா வந்து குனிந்து பார்த்தாள்.

“இப்பவும் கை கழுவாமத்தான் திங்கிறாரு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நான் “அப்பா” என்று கூப்பிட்டேன். அப்பா வானத்தைப் பார்த்தார். “அந்தோணி, இடி இடிக்குது. கரியை மூடு” என்றார்.

அவர் தண்ணீர் பிடிக்க நிறுத்துகிற இடத்தில் காதை வைத்துக் கேட்டேன். அந்தோணியிடம் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். “எனக்கு ரெண்டு பசங்க. ரெண்டும் ஆம்பளப் பசங்க. பெரியவன் பாலிடெக்னிக்ல சேந்துட்டான்” என்றார். அவ்வளவோடு தண்ணீர் நிரம்பிவிட்டது.

டிரைவரை நிறுத்தி வைத்து விசாரிக்க ஸ்டேஷன் மாஸ்டரால்தான் முடியும். எனவே ஒரு ஸ்டேஷன் செய்ய ஆரம்பித்தேன்.

“நிக்க வச்சுக் கேட்டா மட்டும் சொல்லிடுவாரா?” என்றாள் அம்மா. ஆனால் பிளாட்பாரத்துக் குழாய் எந்தப் பக்கம் சொட்டும், எந்த பெஞ்சில் ஒரு பலகை இருக்காது என்பதையெல்லாம் அவள்தான் சொன்னாள். கைகாட்டி மரத்தை நட்டதும் வேலை முடிந்தது.

காலையில் அம்மாவின் படுக்கை காலியாக இருந்தது. அவள் மேஜை மேல் இருந்த பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். தலைமுடி கறுப்பாக இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டரின் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், தொப்பி. பேண்ட் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. காபியை நானே போட்டுக்கொண்டேன்.

அம்மா கைகாட்டியை இறக்கவில்லை. அப்பாவின் வண்டி ஊருக்கு வெளியே, அவுட்டரில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் நின்றது. அப்பா விசில் அடித்தார். அம்மா குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவர் மறுபடியும் அடித்தார். அவள் பெஞ்சில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒரு விரலால் தள்ளினால் வண்டி ஸ்டேஷனுக்குள் வந்துவிடும். ஆனால் கைகாட்டி இறங்காமல் எந்த வண்டியும் உள்ளே வரக் கூடாது. நான் தள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க விசில் சத்தத்தில்தான் சாப்பிட்டேன். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை.

பிறகு விசில் நின்றுவிட்டது.

ஊறுகாய் ஜாடியின் நிழலில் ஒரு டீக்கடை வந்திருந்தது. அதை நான் செய்யவில்லை. கடையில் ஒரு பெண் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய லுங்கியும் அவளுடைய புடவையும் எஞ்சினின் கைப்பிடிக் கம்பியில் காய்ந்தன.

அம்மா பிளாட்பாரத்தின் கோடிக்கு வந்து வெகுநேரம் அதைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய் நெம்புகோலை இழுத்தாள். கைகாட்டி இறங்கியது. பச்சைக் கொடியை எடுத்து வந்து ஆட்டினாள். கை வலித்தபோது மறு கைக்கு மாற்றிக்கொண்டு ஆட்டினாள்.

“டிரைவர் சார், லைன் கிளியர்” என்றார் அந்தோணி.

“என்ன அவசரம்? இன்னொரு டீ சொல்லு.”

இப்போது தள்ளலாம். விரலை வைத்துத் தள்ளினேன். அப்பா பிரேக் போட்டு வைத்திருந்தார், சக்கரம் அசையவில்லை. எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது, விரல் நுனி பொத்துவிட்டது. “ஏன் போனீங்க?” என்று கேட்டேன். டீக்கடைப் பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, கம்பியில் கிடந்த துணிகளை அவசரமாக எடுத்தாள்.

விரலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தபோது ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் அம்மாவின் குரல் கேட்டது. பயணிகளின் அன்பான கவனத்துக்கு, வண்டி தாமதமாக வரும் என்று சொன்னாள். எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாகச் சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசிறியது. பிறகு அதையே திரும்பச் சொன்னாள்.

வாசலில் மணி அடித்தது. எதிர்வீட்டு ஹபீபா அக்கா சூட்கேஸோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தெருக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் பெட்டியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக நின்றார்கள்.

“வண்டி லேட்டாமே? உள்ள உக்காந்துக்கலாமா?” என்றார் அக்கா.

வழிவிட்டேன். நாற்காலிகள் போதவில்லை. மற்றவர்கள் பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஹபீபா அக்கா புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒரு வாய் கொடுத்தார்.