படத்தை முடியவிடாத நாய்

ஐப்பசி மாதம் பெருமாநல்லூர் தியேட்டரில் ஓடிய குடும்பப் படம் முடியவே இல்லை. தொலைந்துபோன நாயை ஒரு குடும்பம் தேடுகிற கதை அது. தேடப்பட்ட நாய் கடைசிக் காட்சியில் திரையைவிட்டு இறங்கி, சித்ராதேவியோடு டவுன் பஸ் ஏறி முதலிபாளையம் போய்விட்டது. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

நியாயமாகப் பார்த்தால் அது சித்ராதேவி வீட்டு நாய்தான். பெயர் செவலை. பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். ஒட்டி ஒட்டிக் கை பழகிப்போய், மகள் சுபஸ்ரீயின் பள்ளிக்கூடச் சட்டையில் மைக்கறை பட்டாலும் ஸ்டிக்கர்தான். அவள் பின்னாலேயே வந்து மேசைக்கடியில் படுத்துக்கிடக்கும் செவலை ஒருநாள் தெருச்சண்டையில் காது கிழிந்து வந்தது. "இதும் டேமேஜ் பீஸுதானுங்க" என்று சிரித்துக்கொண்டே கிழிசலில் ஒன்று ஒட்டினாள். அவள் சோறுண்டு வருவதற்குள் லோடு ஏற்றுகிறவர்கள் அம்பு இருந்ததையெல்லாம் அள்ளிக் கழிவு டெம்போவில் போட்டார்கள், தூங்கிக்கொண்டிருந்த நாயையும் சேர்த்து. அம்பு ஒட்டியதை ஏன் என்று கேட்கிற பழக்கம் இந்தப் பக்கத்திலேயே கிடையாது.

"நீதானம்மா ஒட்டுனே" என்றாள் சுபஸ்ரீ. அதற்குப் பிறகு அம்மாவிடம் பேச்சே இல்லை. காங்கேயம் வரை அலைந்தும் செவலை கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளை முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் சோறு எப்படி இறங்கும்? புருஷன் வேல்குமார்தான், "குடும்பப் படமாம் புள்ள, மனசு கொஞ்சம் மாறும்" என்று இருவரையும் கிளப்பினான். பாவி மனுஷன், என்ன கதை என்று விசாரித்தானா, அதுவும் இல்லை.

படம் பூராவும் திரையில் ஒரு சிறுமி நாயைத் தேடி அழுதாள், கீழே சுபஸ்ரீ அழுதாள். கடைசியில் கொட்டுகிற மழையில் நாய் ஓடிவந்தது. கிழிந்த காதில் சிவப்பு அம்பு! "ஐயோ சாமி, எங்கூட்டு நாயுங்க!" என்று எழுந்து நின்று, "செவலே!" என்று கத்தினாள் சித்ராதேவி. நாய் திரும்பிப் பார்த்தது. குதித்திறங்கி உடம்பை உதறியதில் முன்வரிசைக்காரர்கள் நனைந்துபோனார்கள். நாயைக் கட்டிக்கொள்ளக் கைகளை விரித்திருந்த சிறுமி, விரித்தபடியே திகைத்து நின்றாள்.

நாய் வீடு வந்தது, மகளுக்கு அம்மாவிடம் பேச்சு வரவில்லை. அங்கே புரொஜெக்டரை அணைத்தும் திரை அணையவில்லை. அந்தக் குடும்பம் மறுபடி முதல் தெருவிலிருந்து தேட ஆரம்பித்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்கூட அந்தச் சிறுமியின் அழுகை தாங்காமல் வருவதை நிறுத்திக்கொண்டது. கடைசியில் தியேட்டர்க்காரர் ஞானசம்பந்தமே சித்ராதேவி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, அந்தப் புள்ளைக்கு அழுதழுது தொண்டை கட்டிப்போச்சுங்க. பார்க்க முடியலீங்க."

சித்ராதேவி நாயை இறுக்கிக்கொண்டாள். அனுப்பினால் திரும்பி வருமா? வராவிட்டால் மகள் இந்த ஜென்மத்தில் பேசமாட்டாள். "முடியாதுங்க" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"குடுத்தரலாம்மா. அந்தப் புள்ளையும் என்னையாட்டந்தானே அழுவும்?"

மகள் வாயில் 'அம்மா' கேட்டு எத்தனை நாளாயிற்று! சித்ராதேவி திடுக்கிட்டுப்போய், நாயைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

அன்றைக்கு மேட்னிக் காட்சியில் செவலை திரையேறியது. படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். பொங்கலுக்கு அதே படம் வீட்டு டி.வி.யில் வந்தது. விளம்பரம் போட்டதும் செவலை இறங்கி வந்து தயிர்ச்சோறு தின்றது, தாயும் மகளும் மாற்றி மாற்றித் தடவ மடியில் கிடந்தது, படம் தொடங்கியதும் ஏறிப் போய்விட்டது. இப்போதெல்லாம் மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தப் படத்தைப் போடுகிறார்கள். விளம்பரம் இன்னும் கொஞ்சம் ஓடட்டும் முருகா என்று வேண்டிக்கொள்கிற வீடு முதலிபாளையத்தில் அது ஒன்றுதான்.